முகம் பார்க்கும் கறுப்பு வண்டி

போன மாதம் என் மகன் புது வண்டி வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். நல்ல கறுப்பு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, "ஏறும்மா, பிள்ளையார்பட்டி போயிட்டு வந்துருவோம்" என்றான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாளும் ஏறவில்லை. இன்று வரைக்கும் ஏறவில்லை. மகனுக்கு வருத்தம், மருமகளுக்குக் கோபம். கிழவிக்கு வீம்பு என்று வீட்டில் பேச்சு. வீம்பென்றே வைத்துக்கொள்ளட்டும். காரணத்தை அவர்களிடம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள், அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். கேட்டுவிட்டு யாரையும் சட்டென்று தூக்கிக் கழுவில் ஏற்றிவிட மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினோரு வயது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் அப்பா டிரைவராக இருந்தார். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் கார் கொட்டகை. கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில்தான் அப்பா, அம்மா, நான். அம்மா அந்த வீட்டுப் பின்கட்டில் மசாலா அரைத்தாள். முதலாளிக்குப் புதுவயலில் அரிசி மில். அவர் மனைவியை நாங்கள் ஆச்சி என்போம். ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

வண்டி, முதலாளியின் அப்பா காலத்தில் கடல் தாண்டி வந்தது. கார் என்று அப்போது யாரும் சொல்வதில்லை, பிளசர் என்பார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீளமான மூக்கு. முன்னால் இரண்டு பெரிய விளக்கு. உச்சியிலிருந்து சக்கரம் வரைக்கும் கறுப்பு.

வெள்ளை வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கறுப்பின் பாடு புரியாது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி வெள்ளை வண்டியில் ஒட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கறுப்பில் ஒரு விரல் பட்டாலும் தெரியும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். வெயிலில் வைத்துத் துடைத்தால் துணி போன தடமெல்லாம் வரியாகத் தெரியும். காய்ந்த புழுதியைத் துணியால் தேய்த்தீர்களோ, போச்சு, மண்ணே அரம் ஆகிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். பிறகு நனைந்த துணி, பிறகு உலர்ந்த துணி. துணி என்றால் கண்ட துணி இல்லை, முதலாளி உடுத்திக் கழித்த மல் வேட்டி. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, வண்டி போகிற போக்கிலேயே நீளமாக இழுக்க வேண்டும். வாரம் ஒருநாள் மெழுகு. பினாங்கிலிருந்து வந்த தகர டப்பாவில் மஞ்சளாக இருக்கும். சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு கதவு முழுக்கத் தடவ வேண்டும். பக்கத்து வீட்டு டிரைவர் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தடவுவார். ஒரு மணி நேரம் தகதகவென்று இருக்கும். சாயங்காலத்துக்குள் தெருப்புழுதியெல்லாம் அதில்தான் குடியிருக்கும்.

கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்பதால் வண்டிக்கு மழைத்தண்ணீர். அந்த வீட்டு வளவின், அதாவது உள்முற்றத்தின், நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் விழுகிற மழையைப் பெரிய கிடாரங்களில் பிடித்து மூடி வைத்திருப்பார்கள். பருப்பு வேக அந்தத் தண்ணீர்தான். அதில் இரண்டு குடம் தினமும் வண்டிக்கென்று ஆச்சி தன் கையால் மொண்டு தருவார். மனசில்லாமல்தான் தருவார். ஆனால் தருவார். வீட்டின் மானம் வண்டி மினுக்கில் இருக்கிறது என்பதில் அவருக்கும் சந்தேகம் கிடையாது.

மினுக்கு எந்த அளவுக்கு என்று கேட்டால் அதற்கும் அங்கே ஒரு கணக்கு இருந்தது. அந்த வீடுகளின் சுவர்ப்பூச்சு உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பார்கள். முகம் தெரிந்தால்தான் கொத்தனாரை விடுவார்கள். அதே பரீட்சைதான் வண்டிக்கும். முதலாளி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வருவார். பின்கதவுக்கு முன்னால் லேசாகக் குனிவார். நெற்றியில் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் ஏறி உட்காருவார். தெரியாவிட்டால் அப்பாவைப் பார்ப்பார், அவ்வளவுதான். வாயைத் திறந்து திட்ட மாட்டார். அந்தப் பார்வைக்கு அப்பா ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டு.

அப்பாவுக்குக் கண்ணில் பூ விழத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு காக்கை எச்சத்தால். வண்டியின் கூரையில் காக்கை எச்சமிட்டு, அது இரண்டு நாள் காய்ந்து, பெயிண்டைத் தின்றுவிட்டது. அப்பா அதற்குப் பக்கத்தில் இரண்டு நாளும் துடைத்திருக்கிறார். அதைத் தொடவில்லை. முதலாளி அன்றைக்குப் பார்வையோடு நிறுத்தவில்லை. "என்னப்பா, வயசாகிப் போச்சா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அன்று ராத்திரிச் சோற்றை அப்பா பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா அவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

வேலை போனால் அந்த அறையும் போகும். அம்மாவின் பின்கட்டு வேலையும் போகும், ஏனென்றால் டிரைவர் பெண்டாட்டி என்றுதான் அவளை வைத்திருந்தார்கள். ஆபரேஷன் என்று ஒன்று இருப்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு புட்டியடி மாதிரி கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடியோடு ஒரு டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அவருக்குத் தெரிந்த ஒருவர் கண்ணில் கத்தி வைத்ததில் இருந்த பார்வையையும் இழந்திருந்தார். ஆகவே வெளியே மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் முடிவானது. முடிவெடுத்தது அம்மா.

"இனிமே நீ பாத்துச் சொல்லுடி. அவரு தொடைக்கட்டும்" என்றாள் என்னிடம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடிந்து தெரு நடமாட்டம் தொடங்குவதற்குள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் மேல. இல்ல, அங்குட்டு. இன்னும் அங்குட்டு" என்று நான் சொல்லச் சொல்ல அவர் துடைப்பார். இரண்டே மாதம். பிறகு துணி என் கைக்கு வந்துவிட்டது. அவர் ஓரமாக ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். துடைத்து முடித்ததும் எழுந்து வந்து உள்ளங்கையை வைத்து வண்டியின் நீளத்துக்கும் ஒருமுறை தடவுவார். கை நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தலையை ஆட்டுவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எங்கள் அறையில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் மூக்கைப் பார்த்தால் நெற்றியைப் பார்க்க முடியாது. வண்டிக் கதவில் நான் முழுசாகத் தெரிந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் முதல் கிடையாது. கணக்கு டீச்சருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆனால் தெருவில் வண்டி போகும்போது ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்களே, அது என் கைவேலை. யாருக்கும் தெரியாது என்பதுதான் குறை. அந்தக் குறையும் எனக்கு அப்போது இருந்தது. பதினோரு வயதுக்கு அவ்வளவு கர்வம் ஆகாதுதான்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசவே மாட்டோம். அவர் மெதுவாக ஓட்டுவார், முதலாளிக்கு மெதுவாகப் போவதுதான் பிடிக்கும். புதுவயல் பாதை அவருக்கு இருபது வருஷப் பழக்கம். எங்கே மேடு, எங்கே பாலம் என்று உடம்புக்கே தெரியும் என்பார். நிழலில் அவருக்குப் பார்வை கொஞ்சம் தேவலை. வெயில் நேரே முகத்தில் அடித்தால்தான் எல்லாம் வெள்ளையாகப் போய்விடும். இதை அவர் அம்மாவிடம் சொல்ல நான் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

தை மாதம் பாதி. ஆச்சியின் பேரப்பிள்ளை ஊரிலிருந்து வந்திருந்தது. நடை பழகுகிற வயது. பின்கட்டு முற்றத்தில் அதன் நடைவண்டி கிடந்தது. சிவப்பும் மஞ்சளும் பூசிய மரவண்டி. பிள்ளை உள்ளே பால் குடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகல். அப்பா வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து முற்றத்தில் திருப்பினார். நடைவண்டி அவருக்கு நேர் எதிரே, ஒரு பத்தடியில், வெயிலில் பளிச்சென்று கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. மரம் நொறுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் நிறுத்தினார்.

பிரேக் வழுக்கிவிட்டது என்றார் அப்பா. பிள்ளை அதில் இல்லையே, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது என்று ஆச்சி திருஷ்டி சுற்றிப் போட்டார். யாரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நடைவண்டியில் பிள்ளை இருந்திருந்தாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் நொறுங்கிய கட்டைகளைப் பொறுக்கி அடுப்பில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மழைத்தண்ணீருக்குக் குடத்தோடு போனபோது ஆச்சியிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தை.

"ஆச்சி, அப்பாவுக்குக் கண்ணு செத்த மங்கலாத் தெரியுது."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

ஆச்சி கோபப்படவில்லை. குடத்தை இறக்கி வைக்கச் சொல்லி, என் தோளைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார். முந்தின நாள்தான் மெழுகு போட்டிருந்தேன். வண்டி முகத்துக்கு நேரே குனிந்து காதைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருத்தா. என் தோட்டுல ஏழு கல்லு. ஏழையும் இதுல எண்ணலாம். கண்ணு தெரியாதவன் தொடச்ச வண்டியா இது? ஒங்கப்பன் கண்ணு மாதிரி இந்தத் தெருவுல எவனுக்கும் கிடையாது. பிரேக்கு வழுக்குனதுக்குப் பிள்ளை பயந்து போயிருக்க."

மூன்றே வார்த்தை மிச்சம். நான்தான் தொடச்சேன் ஆச்சி. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அறை போயிருக்கும், சோறு போயிருக்கும், உயிர் போயிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்வது சுலபம். இன்னொன்றும் உண்டு. அந்தத் தெருவிலேயே இப்படி மினுக்கு கிடையாது என்று அவ்வளவு பெரிய மனுஷி என் வேலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நன்றாக இருந்தது. போகும்போது ஆச்சி ஒரு மாவுருண்டை கொடுத்தார். அதையும் தின்றேன்.

அதற்குப் பிறகு இருபது நாள் இருக்கும். மாசி. அறுவடை முடிந்து மில்லில் இரவு பகலாக நெல் அவிகிற காலம். முதலாளி மத்தியானம் புதுவயல் போனவர், சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் திரும்பினார். அங்கிருந்து காரைக்குடி வருகிறவர்களுக்குச் சாயங்கால வெயில் நேரே கண்ணில்தான் அடிக்கும். நான் பின்தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. முன்வாசலில் இறங்குகிற முதலாளி அன்றைக்குப் பின்தெருவில் இறங்கினார். வேட்டியை மடித்து ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். அப்பா இறங்கவே இல்லை. கையை ஸ்டியரிங் வளையத்தின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவரை இறக்கினாள்.

பாதையில் ஒரு பெண் அடிபட்டுவிட்டாள், அதே வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் அம்மா சொன்னாள். அந்தப் பெண் முதலாளியின் மில்லிலேயே வேலை பார்த்தவள். களத்தில் காய்கிற நெல்லைக் கிண்டிவிடுகிற வேலை. வேலை முடிந்து குருணைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். ஊரில் அவளைப் பெயர் சொல்லிப் பேசினார்கள். நான் அந்தப் பெயரை எழுத மாட்டேன், எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் விடிந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா என் கையில் துணியைக் கொடுத்தாள்.

"வண்டியச் சுத்தமாத் தொடச்சு நிறுத்தச் சொல்லி ஆச்சி சொல்லிவிட்டாக. அவரால ஆகாது. நீ போ."

கொட்டகைக் கதவைத் திறந்தேன். வண்டி முழுக்கச் செம்புழுதி. ஆனால் மூக்கின் இடப்பக்கம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் தொடங்கி மேலே கண்ணாடி வரைக்கும், யாரோ நல்ல துணியால் ஒரே இழுப்பில் துடைத்த மாதிரி. எனக்கு முன்னால் யார் துடைக்க ஆரம்பித்தது, ஏன் பாதியில் விட்டார்கள் என்று நான் நின்று யோசித்தேன். அவ்வளவு மந்தம் எனக்கு. தண்ணீரை ஊற்றினேன், துணியை இழுத்தேன். விளக்கின் கீழ் விளிம்பில் துணி சிக்கியது. எடுத்துப் பார்த்தால் பழுப்பாக இருந்தது. துரு என்று நினைத்தேன். துரு நாற்றம் இல்லை அது. அப்போதுதான் அந்தச் சுத்தமான தடம் எப்படி வந்தது என்று புரிந்தது. ஓர் உடம்பு அதன் மேல் சறுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

கறுப்பில் எல்லாம் தெரியும் என்று முன்னே சொன்னேன். இரத்தம் தெரியாது. அதைத் தொட்டால்தான் தெரியும்.

ஓடிப்போயிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் துடைத்தேன். மற்ற இடங்களையும் அந்தத் தடத்தின் அளவுக்கு மினுக்கினேன், வித்தியாசம் தெரியக்கூடாது என்று. வண்டி மூக்கின் இடுக்கில் குருணை மாட்டியிருந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கையில் கொஞ்சம் சேர்ந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கொட்டகைக்கு வெளியே போட்டேன். கோழி வந்து தின்றது. அன்றைக்கு மெழுகு போடும் நாள் இல்லை. ஆனாலும் போட்டேன்.

மத்தியானம் அந்த அம்மா இறந்துபோன செய்தி வந்தது. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். மில்லுக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். முதல்நாள், கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, நாங்கள் கூப்பாடு போட்டும் வண்டி நேரே வந்தது, ஓட்டுகிறவருக்குக் கண்ணே தெரியவில்லை என்று சொன்னாளாம். இன்றைக்குக் கேட்டால், தான் எதையும் பார்க்கவில்லை என்கிறாளாம். அவளும் அதே மில்லில்தானே கூலிக்குப் போக வேண்டும்.

அப்பாவை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளிதான் பேசினார். ரோட்டோரம் ஒரு புளியமரம், அதன் மறைவிலிருந்து அந்தப் பெண் திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள், பிரம்மாவே ஓட்டினாலும் நிறுத்த முடியாது என்றார். அவர் அந்த நேரத்தில் பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்தார் என்று பிறகு அம்மா எனக்குச் சொன்னாள். கண்ணு எப்படி என்று இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அதற்கும் முதலாளியே பதில் சொன்னார்.

"வண்டியப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. கண்ணுல கோளாறு உள்ளவன் இப்படி வச்சிருப்பானா?"

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்கதவில் குனிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வாஸ்தவம்தான் என்றார்.

ஆச்சி பின்கட்டு நிலைப்படியில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருபது நாளைக்கு முன்னால் நான் சொன்னது அவர் முகத்தில் வந்து நின்றதை நான் கண்டேன். அவர் வாய் திறக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் உள்ளே திரும்பி, யாரிடமோ காப்பி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். இப்போது அவ்வளவு வெறுப்பு இல்லை. எனக்கு மூன்று வார்த்தை மிச்சமிருந்தது, அவருக்கும் நாலைந்து வார்த்தை மிச்சமிருந்தது. இரண்டு பேரும் விழுங்கிவிட்டோம்.

முதலாளி அப்பாவைப் போகச் சொல்லவில்லை. இருந்துகொள் என்றுதான் சொன்னார், பெருந்தன்மையாகவே சொன்னார். அப்பாதான் சாவியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். கை நடுங்குகிறது என்று சொன்னார். கண்ணைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அறையைக் காலி செய்துகொண்டு கல்லல் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போனோம். எதைக் காப்பாற்றப் பொய் சொன்னோமோ அது எங்களிடம் நிற்கவில்லை. அம்மா களையெடுக்கப் போனாள். நான் படிப்பை விட்டேன். அப்பா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

பார்வை அடியோடு மங்க மங்க அவர் பேச்சும் குறைந்தது. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். யாராவது ஊருக்குப் புதிதாக வந்து உட்கார்ந்தால் அவராகவே ஆரம்பிப்பார். புளியமரத்து மறைவில் நின்றாள், சட்டென்று குறுக்கே வந்தாள், மரம் மட்டும் இல்லாவிட்டால் நிறுத்தியிருப்பேன். முதலாளி சொன்னதைத்தான் அவர் சொன்னார். ஆனால் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த மரத்தை அவர் கண்ணால் கண்ட மாதிரியே ஆகிவிட்டது. கிளை இன்ன பக்கம் சாய்ந்திருந்தது என்பது வரைக்கும் சொல்வார். நானும் அதை நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது? அந்த மரம்தான் எங்கள் வீட்டில் எல்லோரையும் தூங்க வைத்தது.

ஆறேழு வருஷம் கழித்து, சிங்கம்புணரியில் கண் ஆபரேஷனுக்கு ஒரு முகாம் போட்டார்கள். அம்மா பிடித்த பிடியில் அப்பா சம்மதித்தார். இரண்டு கண்ணிலும் பூவை எடுத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி வந்தது. தடிமனான கண்ணாடி, அதற்குள் அவர் கண் பெரிதாகத் தெரியும். போட்டுக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். பதினோரு வயதில் விட்ட முகத்தைத் தேடியிருப்பார். "பெரிய மனுஷியாயிட்டியேத்தா" என்றார். அன்றைக்கு முழுக்க வீட்டில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து, புதுவயல் ரோடு வரைக்கும் போய்விட்டு வரலாமா என்று கேட்டார். எதற்கு என்று அம்மா கேட்டதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். நானும் அவரும் பஸ்ஸில் போனோம். சின்னப் பாலத்தைத் தாண்டி மேடு ஏறியதும் நிறுத்தச் சொன்னார். அந்த இடம் அவர் உடம்புக்குத் தெரியும். நாங்கள் இறங்கினோம், பஸ் போய்விட்டது. காரைக்குடிப் பக்கம் பார்த்து நின்றோம், காலை வெயில் முதுகில் அடித்தது. திரும்பினால் தூரத்தில் மில்லின் புகைபோக்கி தெரிந்தது. அவித்த நெல் வாசனை அங்கு வரைக்கும் வந்தது.

எனக்கும் அந்த இடத்தை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது. பாதை நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். செம்மண், கொஞ்சம் காய்ந்த புல், ஒரு வரப்பு. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு செடி கிடையாது. ஒரு ஆடு நின்றால்கூட அரை மைலுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

அப்பா இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மரம் எங்குட்டுத்தா இருந்துச்சு?"

"இங்கனதாம்ப்பா. அப்பறம் வெட்டிட்டாக."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரத்தில் இறங்கினார். வெறுங்காலால் மண்ணைத் தடவிக்கொண்டே மெதுவாக நடந்தார். ஒரு நூறு தப்படி போயிருப்பார். திரும்பி எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி தடவிக்கொண்டு வந்தார். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கட்டை இருந்த மேடோ, வேர் தோண்டிய பள்ளமோ எங்கும் அவர் காலில் தட்டுப்படவில்லை. தரை ஒரே மட்டமாக இருந்தது.

வந்து என் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும், பிறகு வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் அதைப் போடவே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.